பூஜ்யத்துக்கு ஒரு முகம்

வலிமானி ஒன்று என்று காட்டியது.

கன்சீலியா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்றுதான். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அந்தக் கருவி தன் ஒற்றைக் கண்ணால் தஸ்நேவிஸின் முகத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே எண். எண்ணுக்குக் கீழே இழுப்பறை. இழுப்பறைக்குள் மருந்து. எண் ஆறைத் தொட்டால் இழுப்பறை தானாகத் திறக்கும். தொடாவிட்டால் பெரிய டாக்டரே வந்து நின்றாலும் திறக்காது.

கட்டிலில் கிடந்தவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏட்டி, எதுக்கு இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்க? தரை தேஞ்சிரப் போவுது. வந்து ஒக்காரு."

"வலிக்குதா இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

"இருக்கு. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கு."

ஓரமாக இருக்கிற வலி அவன் இடது கையில் தெரிந்தது. படுக்கை விரிப்பை முறுக்கி முறுக்கி, ஈரத்துணி பிழிகிற மாதிரி பிடித்திருந்தான். மூன்று நாளைக்கு முன் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத சரக்கு வண்டி ஒன்று அவன் வலது காலின் மேல் ஏறி இறங்கியிருந்தது. நேற்று சாயங்காலம் கட்டுப் பிரித்துக் காயத்தைக் கழுவியபோது அவன் வாயில் கொடுத்திருந்த துண்டு இரண்டு இடத்தில் கிழிந்தது. அப்போதும் முகம் இப்படியேதான் இருந்தது. ஏதோ தூரத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம். வலிமானி அப்போது இரண்டு காட்டியது.

இன்று ஆறு மணிக்கு மறுபடி கட்டுப் பிரிக்க வேண்டும். மணி இப்போது மூன்று.

கன்சீலியாவால் உட்கார முடியவில்லை. வேறு யாராவது மனைவியாக இருந்தால் கருவியைத் திட்டியாவது ஆறியிருப்பாள். இவளால் அதுவும் முடியாது. தூத்துக்குடியின் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாற்பது வலிமானிகளும் சரியாக அளக்கின்றன என்று தினமும் காலையில் கையெழுத்துப் போடுகிற அரசு ஊழியரே அவள்தான்.

நர்ஸ் கோமதி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, டாக்டர் ரவுண்ட்ஸ் போயிட்டாரு. இன்னொரு தடவ பாப்பமா? அண்ணாச்சி, நேத்து நீங்க பல்லக் கடிச்சிய, புருவத்த மறந்துட்டிய. இன்னைக்குப் புருவத்த நடுவுல சேருங்க. கன்னத்த மேல தூக்குங்க."

"இப்படியா?"

"அது தும்மல் வாற மூஞ்சி."

"இப்ப?"

"மாமியா வாற மூஞ்சி."

கன்சீலியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தஸ்நேவிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, வாயைக் கோணி, தன்னால் முடிந்த அத்தனை வலியையும் முகத்தில் வரவழைத்தான். எண் நாலுக்கு ஏறியது. ஐந்துக்கு ஏறியது. பிறகு திரை சிவந்தது.

*போலி. இரண்டாம் முறை.*

பொய் வலி காட்டி மருந்து வாங்குகிறவர்களைப் பிடிப்பதற்காகக் கருவிக்கு ஆயிரம் நடிகர்களின் முகத்தைப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் முறை சிவந்தால் அந்த நோயாளியின் இழுப்பறை முப்பது நாளைக்குப் பூட்டிக்கொள்ளும்.

"பன்னெண்டு வருஷம் மேடையில நின்னவன்," என்றான் தஸ்நேவிஸ், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி. "வலிக்காத மாதிரி நடிக்கச் சொல்லிக் குடுத்தாவ. வலிக்க மாதிரி நடிக்க எவனும் சொல்லித் தரல."

அவன் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அவர்கள் பங்குக் கோவில் திடலில் ஒவ்வொரு ஜனவரியிலும் செபஸ்தியார் திருநாளுக்கு வாசகப்பா போடுவார்கள். பாட்டும் வசனமுமாக விடிய விடிய நடக்கிற நாடகம். அதில் விசுவாசத்துக்காக அம்படி பட்ட வேதசாட்சி செபஸ்தியாராகப் பன்னிரண்டு வருஷமாக நிற்பது தஸ்நேவிஸ்தான். தூணில் கட்டி, உடம்பெல்லாம் அம்பு செருகி, ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். முகம் சுளிக்கக் கூடாது. கொசு கடித்தாலும் சுளிக்கக் கூடாது. அந்த முகத்தை அவன் கோவிலில் இருக்கிற பழைய படம் ஒன்றைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். கற்றது இப்போது கழற்ற வரவில்லை.

* * *

ரவுண்ட்ஸ் முடித்து வந்த டாக்டர் மெய்கண்டன் தன் அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், எனக்குத் தெரியாதா? அவர் நாடித் துடிப்பைப் பார்த்தாலே தெரியுது. ஆனா என் கையில சாவி இல்ல."

"நீங்க எழுதிக் குடுத்தா?"

"எழுதிக் குடுத்த காலமும் இருந்துச்சு. பாதி மருந்து பின்வாசல் வழியாப் போச்சு. என் சீனியர் ரெண்டு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. அப்புறம்தான் சட்டம் வந்துச்சு. மனுஷன் மனசு இளகிடும், கருவி இளகாது, அதனால கருவியே முடிவு பண்ணட்டும்னாங்க." அவர் டப்பாவை மூடினார். "நீங்களே எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கீங்க, கருவி பொய் சொல்லாதுன்னு."

கன்சீலியா வெளியே வந்தாள். அந்த வார்த்தையைக் கடைசியாக யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

போன ஜூலை. முத்தையாபுரத்து உப்பளத் தொழிலாளி, பேச்சிமுத்து என்று பெயர். முதுகெலும்பில் புற்று. வலிமானி அவருக்கு ஒன்று, இரண்டு என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி இசக்கியம்மாள் ஒருநாள் வராந்தாவில் கன்சீலியாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"எம்மா, அவுக வாயத் தொறந்து சொல்ல மாட்டாவ. மூஞ்சியிலயும் காட்ட மாட்டாவ. முப்பது வருஷமா எனக்குத் தெரியும். அவுக நோவு என் மூஞ்சியில இருக்கு தாயி, அந்த மிஷினத் திருப்பி என்னயப் பாக்கச் சொல்லு."

"கருவி பொய் சொல்லாதுங்க," என்றாள் கன்சீலியா. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். பேச்சிமுத்து அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார்.

படியிறங்கும்போது கை பைக்குள் போனது. பையில் சோதனைக் கண் இருந்தது. வலிமானிகளைச் சரிபார்க்க அவள் எடுத்துப் போகிற, உள்ளங்கை அளவுக் கருவி. உடம்பெல்லாம் அம்பு தைத்த ஒரு மனிதனின் முகத்துக்கு இது என்ன எண் கொடுக்கிறது என்று பார்த்தால் என்ன? பூஜ்யம் என்றுதான் கொடுக்கும். அதை டாக்டரிடம் காட்டலாம். மேலிடத்துக்கு அனுப்பலாம். பாருங்கள், உங்கள் கருவிக்கு வேதசாட்சிக்கும் சும்மா நிற்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கேட்கலாம்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஆறு மணி வரை அந்த அறையில் நடந்துகொண்டிருப்பதைவிட மேல்.

* * *

கோவில் வளாகத்தில் இந்த வருஷத் திருநாளுக்குக் கொடியேறி ஆறு நாளாகியிருந்தது. மூங்கில் கட்டுகிறவர்களும் சீரியல் விளக்குத் தொங்கவிடுகிறவர்களும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். திடலின் நடுவில் சுவக்கினைத் தூணில் கட்டி ஒத்திகை நடந்தது. வழக்கமாக அம்பு எய்கிறவன் அவன்தான். இந்த வருஷம் தஸ்நேவிஸின் இடம்.

"மைனி!" என்று தூணிலிருந்தே கூப்பிட்டான். "அண்ணன் எப்படி இருக்காவ? எனக்கு அந்த மூஞ்சி வரவே மாட்டேங்கு. கட்டுனாலே சிரிப்பு வருது."

"சிரிச்சாத் தப்பில்ல சுவக்கின். சிரி," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

படம் பீடத்துக்குப் பின்னாலுள்ள சிறு அறையில் இருந்தது. பங்குச் சாமியார் ஜெரோசின் விளக்கைப் போட்டார். மூலப்படம் இத்தாலியில் ஒரு மலையூர்க் கோவிலில் இருக்கிறதாம். மரப்பலகையில் முட்டை மஞ்சள் கருவோடு வண்ணத்தைக் குழைத்து எழுதியது. அறுநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஊர்ச் சாமியார் ஒருவர் இங்கே ஊழியத்துக்கு வந்தபோது அச்சு அசலாக ஒரு நகல் எழுத வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

கல்யாணமான புதிதில் தஸ்நேவிஸ் அவளை இங்கே கூட்டிவந்து காட்டியிருந்தான். அப்போது அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். இப்போது பார்த்தாள். பொன் பூசிய வானம். கட்டம் கட்டமாகத் தரை, தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகிற கட்டங்கள். நடுவில் வெள்ளைத் தூண். தூணில் செபஸ்தியார். விலாவில், தொடையில், கழுத்தோரத்தில் அம்பு. முகம் மட்டும் ஊர்க் கவலை எதுவும் இல்லாமல் இருந்தது. கீழே வில்லாளி ஒருவன் குனிந்து நாணை இழுக்கிறான். இழுக்கிற வேகத்தில் அவன் முகம் கோணிப் போயிருந்தது.

சோதனைக் கண்ணைச் செபஸ்தியாருக்கு நேரே பிடித்தாள். பூஜ்யம். வில்லாளிக்குப் பிடித்தாள். ஏழு.

"அம்பு பட்டவருக்கு ஒண்ணுமில்ல, அம்பு விடுறவனுக்கு மருந்தா?" என்றார் சாமியார்.

"இதத்தான் சாமி டாக்டர்ட்ட காட்டப் போறேன்." கருவியை உள்ளே வைக்கப் போனவள் நிறுத்தினாள். படத்தின் இடது மூலையில், செபஸ்தியாரின் முழங்கால் உயரம்கூட இல்லாமல், கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். "இது யாரு?"

"இந்தப் படத்த எழுதச் சொன்ன அம்மா. அந்தக் காலத்துல காணிக்கை குடுத்தவங்களையும் ஓரமா சின்னதா எழுதிருவாங்க. கொள்ளை நோயில ரெண்டு ஆம்பளப் புள்ளைங்களும் போயிட்டாங்களாம். அதுக்கப்புறம் எழுத வச்சது."

அவள் முகத்தில் அழுகை இல்லை. உதடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தியிருந்தன. கண் நேரே பார்த்தது. எதையும் பார்க்கவில்லை.

கன்சீலியா கருவியை அவளுக்கு நேரே பிடித்தாள்.

பூஜ்யம். அதில் வியப்பில்லை. ஆனால் அதன் கீழே இன்னொரு சிறிய எண் இருந்தது. பூஜ்ய முகத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுகிற எண். செபஸ்தியாருக்கு அது அறுபதைத் தாண்டவில்லை. இவளுக்குத் தொண்ணூற்றேழு.

"என்னம்மா?"

"சாமி, ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் கருவிக்கு வருஷத்துக்கு ஒரு தடவ ஒரு முகத்தக் காட்டணும். வலியே இல்லாத ஒரு ஆளு முகம். அதுதான் அதுக்குப் பூஜ்யம். அதுல இருந்துதான் மத்த எல்லாத்தையும் அளக்கும்." அவள் குரல் அவளுக்கே சன்னமாகக் கேட்டது. "யார் முகத்த வேணும்னாலும் காட்டலாம். நல்லாத் தூங்கி எழுந்த ஆளா இருந்தாப் போதும். நான் ஆள் தேடச் சோம்பப்பட்டு என் முகத்தையே காட்டிருவேன்."

"அதுல என்ன?"

அவள் சோதனைக் கண்ணில் பூஜ்யப் பதிவைத் திறந்தாள். அவள் முகம் வந்தது. உதடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருந்தன. கண் நேரே பார்த்தது. மேலே தேதி. போன வருஷம் ஜனவரி இருபத்து நான்கு, காலை எட்டு மணி பத்து நிமிடம்.

சாமியார் எட்டிப் பார்த்தார். தேதியைப் பார்த்ததும் சிலுவை வரைந்துகொண்டார். ஜனவரி இருபதாம் தேதி திருநாள். அன்று சாயங்காலம் ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்த பெண் குழந்தையை இருபத்தொன்றாம் தேதி அடக்கம் செய்து செபித்தவர் அவர்தான்.

நான்காம் நாளே அவள் வேலைக்கு வந்திருந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை. பால் கட்டி வலித்தது. ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு, தலையை வாரி, கருவியின் முன்னால் உட்கார்ந்து, இதுதான் வலி இல்லாத முகம் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

* * *

ஐந்தேகால் மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவளை டாக்டர் மெய்கண்டன் வராந்தாவிலேயே பிடித்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"தராசுத் தட்டுல முதல்லயே ஒரு கல்லு கெடக்கு டாக்டர். என் கல்லு. அந்தக் கல்ல ஒண்ணுமில்லன்னு வச்சுக்கிட்டு இது நிறுக்குது. கத்துறவங்க, அழுறவங்களுக்கு ஒண்ணும் ஆகல, அவங்க எடை எப்படியும் தெரிஞ்சிருது. அடக்கிக்கிட்டு இருக்கறவங்க மூஞ்சி எல்லாம் என் மூஞ்சி மாதிரி. அவங்களுக்கெல்லாம் பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு."

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒரு வருஷமாவா?"

"ஆறு நாள் குறைய."

"இப்ப மாத்த முடியுமா?"

"பூஜ்யத்த மாத்தறதுக்குக் காலையில எட்டு மணிக்குத்தான் திறக்கும்."

"ஆறு மணிக்குக் கட்டுப் பிரிச்சே ஆகணும் மேடம். விட்டாக் கால் போயிடும்."

அவள் அறைக்குள் போனாள். தஸ்நேவிஸ் விழித்திருந்தான். விரிப்பு அவன் கையடியில் கிழிந்திருந்தது. கோமதி சுடுதண்ணீரும் பஞ்சும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"படத்தப் பாத்தியா? செபஸ்தியாரு எத்தன மார்க்கு வாங்குனாரு?"

"ஏங்க," என்றாள். உட்காரவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்த மிஷினுக்கு வலி இல்லாத மூஞ்சின்னு ஒண்ணு குடுத்திருக்கோம்ல. அது என் மூஞ்சி. ஜனவரி இருபத்து நாலாந் தேதி எடுத்தது."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"உங்களுக்கு மருந்து கெடைக்காதது என்னாலதான். எனக்கே தெரியல, நான் அப்படி இருந்தேன்னு. நீங்களும் கேக்கல. ஒரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், ஒரே தட்டுல மீனப் பங்கு போடுதோம், நீங்க கேக்கல." இவ்வளவு நாளாக நாக்கின் அடியில் கிடந்தது வெளியே வந்துகொண்டிருந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. "துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் என்ன சொன்னாவ தெரியுமா? இந்த வருஷம் தஸ்நேவிஸ் மூஞ்சி மாதிரி என்னைக்கும் வந்ததில்லன்னாவ. புள்ள செத்தது தெரிஞ்சும் மூஞ்சி மாறாம நின்னாராமே, அதான் பக்தின்னாவ. நான் உள்ள படுத்துக் கெடக்கேன். எனக்கு அந்த மூஞ்சியப் பாக்கவே புடிக்கல."

கோமதி பஞ்சைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"சுவக்கின்தான் சொன்னான்," என்றான் தஸ்நேவிஸ். "அம்பு விட வாற வேசத்துல கிட்ட வந்து, வில்ல வளைச்சுக்கிட்டே காதுல சொன்னான். புள்ள போயிட்டுண்ணே, மைனி நல்லாருக்காவன்னு. கையக் கட்டிருக்கு கன்சி. காலக் கட்டிருக்கு. இன்னும் பதினாலு அடி பாட்டு கெடக்கு. எதிர்ல படத்தக் கொண்டாந்து வச்சிருந்தாவ. நான் அந்த மூலையில இருக்க பொம்பளையவே பாத்துக்கிட்டு நின்னேன். அவளுக்கு ரெண்டு புள்ள போச்சு, அவ அழல. இப்படி இருந்தாத்தான் தாங்க முடியும்போலன்னு நெனச்சேன். அவுத்து விட்ட பொறவு ஒன் கிட்ட வந்தேன். நீயும் அதே மாதிரி இருந்த. சரி, நாமளும் அப்படியே இருப்போம்னு…"

"அழுதிருக்கலாம்ல."

"நீ அழுதா அழுவோம்னு இருந்தேன் ஏட்டி."

"நானும்."

வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடத்துக்கொண்டு போனது.

"பேரு வச்சிருந்தேன்," என்றான். "ஒன்கிட்ட சொல்லல. மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்."

"என்ன பேரு?"

"சிரிப்ப."

"சொல்லுங்க."

"இரேனா. நாடகத்துல வாறாவல்ல, ராத்திரி வந்து அம்பெல்லாம் புடுங்கி மருந்து போடுற அம்மா. அவுக பேரு."

அதைச் சொல்லி முடித்ததும் அவன் தாடை ஆடியது. ஒரு பக்கமாக இழுத்தது. பன்னிரண்டு வருஷமாகக் கற்ற முகம் ஓரத்திலிருந்து விட்டுக்கொண்டு வருவதைக் கன்சீலியா பார்த்தாள். அழகாக இல்லை. மூக்கு விரிந்து, வாய் சதுரமாகத் திறந்து, சத்தம் பிந்தித்தான் வந்தது.

வலிமானி மூன்று காட்டியது. நான்கு. ஐந்து.

போலி என்று சிவந்துவிட்டால்? மூன்றாம் முறை. முப்பது நாள். கையை நீட்டிக் கருவியின் கண்ணை மறைக்கப் போனாள். கோமதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அக்கா. பாக்கட்டும்."

டக் என்று ஒரு சத்தம். இழுப்பறை திறந்திருந்தது.

எந்த வலி என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். கோமதி மருந்தை எடுத்து ஊசியில் ஏற்றினாள். ஆறு மணிக்கு டாக்டர் வந்து கட்டைப் பிரித்தபோது தஸ்நேவிஸ் கன்சீலியாவின் கையைப் பிடித்திருந்தான். சாதாரணமாக, ரோட்டைக் கடக்கும்போது பிடிக்கிற மாதிரி.

* * *

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு டாக்டர் மெய்கண்டன் கதவைத் தட்டினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு இனி பிரச்சினை இல்ல. புதுப் பூஜ்யம் வச்சிட்டா மத்தவங்களுக்கும் இல்ல." அவர் தயங்கினார். "காரணம்னு ஒரு கட்டம் வரும்ல. 'ஆண்டு மாற்றம்'னு போட்டாப் போதும் மேடம். ஏன் அஞ்சு நாள் முன்கூட்டி வச்சீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வேற எதாவது எழுதினா உங்க வேலை போகும். வேலையோட போனாப் பரவால்ல."

"தெரியும் டாக்டர்."

ராத்திரி முழுக்க அவள் யோசித்தது அதைத்தான். இரண்டு வார்த்தை. எழுதிவிட்டால் பழைய பதிவு அழிந்துவிடும். அவள் முகம் எங்கேயும் இருக்காது. போன ஜூலையில் நடந்தது ஒரு நோயாளியின் சாவு, அவ்வளவுதான்.

எட்டு அடித்ததும் காரணம் என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: *பூஜ்யம் தவறு. என் முகம். அன்று எனக்கு வலி இருந்தது. ஜனவரி 24 முதல் இன்று வரை இந்த ஆஸ்பத்திரியில் மூன்றுக்குக் கீழ் காட்டிய எல்லாப் பதிவுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். முதலில் பேச்சிமுத்து, முத்தையாபுரம்.* கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அனுப்பியாயிற்று என்று வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "யார் முகத்தை வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். "என்னுது வேண்டாம்."

"என்னுதும் வேண்டாம்," என்றாள் கோமதி. "எம் மவன் பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கான்."

அப்போது கட்டிலில் அசைவு கேட்டது. தஸ்நேவிஸ் கண் விழித்தான். மூன்று நாளுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கியிருந்தான். தலைமுடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கன்னத்தில் தலையணை மடிப்பு. வாயை முழுசாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தான். செபஸ்தியார் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை.

"பசிக்கு," என்றான். "ஏட்டி, இங்க சாளப்புட்டெல்லாம் தர மாட்டாவளா?"

கன்சீலியா பொத்தானை அழுத்தினாள். கருவி ஒரு மணியடித்து அந்த முகத்தை வாங்கிக்கொண்டது.

"என்னப் போட்டோ எடுக்கியா? முடிகூட வாரலையே."

"வாராம இருந்தாத்தான் நல்லாருக்கு."

விதிப்படி இன்னும் ஒரு வேலை பாக்கி. புதுப் பூஜ்யம் வைத்தவர் தானே முன்னால் உட்கார்ந்து ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். கன்சீலியா வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டாள். வழக்கம்போலத் தலையை நேராக வைத்து, உதடுகளைப் பொருத்தி, நேரே பார்த்தாள். எட்டு வருஷமாக ஒவ்வொரு காலையும் உட்கார்ந்த மாதிரிதான்.

எண்கள் ஓடின. நின்றன.

டக்.

கோமதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தன காட்டுது?" என்று கட்டிலிலிருந்து கேட்டான் தஸ்நேவிஸ். அவனுக்குத் திரை தெரியவில்லை.

"ஏழு."

அவன் கையை நீட்டினான். அவள் எழுந்து போய் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் அடங்கும்வரை நின்றாள். பிறகு திரும்பி வந்து இழுப்பறையைத் தள்ளி மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோமதி பழைய பதிவேட்டிலிருந்து எழுதிக் கொடுத்திருந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். இசக்கியம்மாள், உப்பளத் தெரு, முத்தையாபுரம்.

"வர மத்தியானம் ஆகும். இட்லி வரும், தின்னுங்க."

"கன்சி," என்றான் அவன். "மூஞ்சியக் கழுவிட்டுப் போ. அழுத மூஞ்சியா இருக்கு."

அவள் கதவருகில் ஒரு கணம் நின்றாள்.

"வேண்டாம்," என்றாள். "அவுக இந்த மூஞ்சியப் பாக்கட்டும்."